இரும்புக்குள் ஓடும் நிழல்

கறிக்கடைக்காரர் மூன்றாவது கத்தியையும் திருப்பிக் கொண்டுவந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே நூல் கட்டியிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். சாதாரணமாகப் பேசாமல் நிற்கிற ஆள் இல்லை.

"பிரிச்சுப் பாருங்கண்ணே."

கத்திக்காரர் பிரித்தார். எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் ஒல்லியான கத்தி. போன மாதம்தான் செய்து கொடுத்தது. அதன் கூர் விளிம்பில் மூன்று இடங்களில் அரிசி அளவுக்குத் துண்டு பெயர்ந்திருந்தது.

"எலும்புல பட்டுதா?"

"எலும்பு பிரிக்கிற கத்தி எலும்புல படாம பஞ்சு மெத்தையிலயா படும்?"

கத்திக்காரர் கட்டைவிரலால் பெயர்ந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முதல் கத்தி போனப்ப என் கை சரியில்லன்னு நினைச்சேன். ரெண்டாவது போனப்ப ஆடு சரியில்லன்னு நினைச்சேன். இனிமே யாரைச் சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க."

"இன்னொன்னு செஞ்சு தர்றேன்."

"தாங்க. பதினோரு வருஷமா உங்க கத்திதான் என் கையில. ஆனா இதுவும் போச்சுன்னா, கடையில தொங்குறதுல ஒன்ன வாங்கிப்பேன். கோவிச்சுக்கக் கூடாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "உடம்பு நல்லா இருக்கா அண்ணே?"

கத்தி உடைந்ததைவிட அந்தக் கேள்விதான் அதிகம் தைத்தது.

அவர் போனதும் கத்திக்காரர் அந்தக் கத்தியைப் பிடிகருவியில் இறுக்கி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாக முறிந்தது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சர்க்கரை மாதிரி பளபளவென்று மின்னியது. நன்றாகப் பதம் வந்த இரும்பு முறிந்தால் மின்னாது. ஈரச் சாம்பல்போல மங்கலாக, நெருக்கமாக இருக்கும். மின்னுகிறது என்றால் உள்ளே மணிகள் பெருத்துவிட்டன. அப்படியென்றால் சூடு அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: எப்போதும் பார்க்கிற அதே நிறம் வந்தபோதுதானே எண்ணெயில் முக்கினார்? நிறம் அதே என்றால், மாறியது தன் கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். லாரிக்கு அடியில் வில்லாக வளைந்து சுமை தாங்குமே, அந்தப் பட்டைகளைச் செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் உலைக்கு முன்னால் நின்றவர். கழித்துப் போட்ட துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைக்கு ஒரு கத்தி செய்யலாமே என்று விளையாட்டாகத் தொடங்கினார். பட்டைக்குப் பொருந்திய கணக்கு கத்திக்குப் பொருந்தவில்லை. தடித்த இரும்பு தவறைப் பொறுத்துக்கொள்ளும், மெல்லிய இரும்பு பொறுக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. முதல் நாற்பத்தொரு கத்திகள் வளைந்தன, விரிசல் விட்டன, தக்காளியிடம் தோற்றன. நாற்பத்திரண்டாவது நின்றது. கெட்டுப்போனவற்றை ஒரு தகர டின்னில் போட்டுவைத்தார். அந்த டின்னுக்கு அக்கா வைத்த பெயர் 'ஆஸ்பத்திரி'. "ஆனா ஒருத்தன் கூடப் பொழைச்சு வெளிய வரலையே" என்பார்.

வேலையிலிருந்து நின்ற பிறகு, வீட்டின் பின்னால் துணி துவைக்கும் அறைதான் பட்டறையாயிற்று. பெயிண்ட் டின்னுக்குள் வெப்பம் தாங்கும் கம்பளியைப் பதித்து, பக்கவாட்டில் துளை போட்டு, காஸ் குழாயைச் செருகிய சின்ன உலை. அதற்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு நிற்க வைத்த இரும்புக் குழாய் நிறைய எண்ணெய். சந்துப் பக்கம் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். அறைக்குள் குடிவந்த முதல் நாளே அவர் செய்த வேலை, ஜன்னல் சட்டத்தில் ஏழு ஆணி அடித்து ஒரு கறுப்புப் போர்வையை மாட்டியதுதான்.

இரும்பு சிவந்து வரும்போது ஒரு கட்டத்தில் அதற்குள் ஒரு நிழல் தோன்றும். சிவப்பு மேலும் ஏறவேண்டிய நேரத்தில், மங்கலான மேகம் ஒன்று கூர்ப் பக்கத்திலிருந்து முதுகுப் பக்கம் நகர்ந்து போகும். அது கரைந்து கத்தி முழுக்க ஒரே நிறமானால், காந்தத்தைக் கொண்டுபோனாலும் ஒட்டாது. அதன்பின் இரண்டு மூச்சு. மாதுளை முத்தின் சிவப்பைத் தாண்டியிருக்க வேண்டும், ஆரஞ்சுத் தோலின் நிறத்தைத் தொட்டிருக்கக் கூடாது. அந்த நொடியில் எண்ணெய். பட்டறைக்காரர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள்.

அவர் உள்ளே இருட்டில் நிற்கும்போது அக்கா கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அத்தான் போன பிறகு தம்பியோடு வந்து தங்கியவர். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது: "எந்த வீட்டுக்குப் போனாலும் கையில ஒரு கத்தியோட போனா எவன்டா பொண்ணு குடுப்பான்?" கதவுக்கு வெளியிலிருந்து செய்தித்தாளை உரக்க வாசிப்பார். கட்சிச் செய்தி வேண்டாம், வீடு வாடகைக்கு, காணாமல் போன நாய், பெயர் மாற்றம். பெயரை மாற்றிக்கொண்டவர்களோடு தனியாகச் சண்டை போடுவார். "இருந்த பேருக்கு என்ன குறைச்சல் இவனுக்கு?" உள்ளே இருந்து அவர் "ம்" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் எண்ணெய் சுர்ரென்று கத்தும் சத்தம் கேட்டதும் அக்கா வாசிப்பை நிறுத்திவிடுவார். பத்து எண்ணுவார். கத்தி விரிசல் விட்டால் அதற்குள் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், தம்ளரில் நகத்தால் தட்டியது போல. வந்துவிட்டால், "ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு" என்பார். வரவில்லை என்றால், "பொழச்சிருச்சுடா."

பதினேழு வருடம் இப்படி ஓடியது.

பேத்தி பிறந்தபோது, இரண்டு மாதம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரே ஒரு பையோடு மகன் வீட்டுக்குப் போனார் அக்கா. குழந்தைக்குப் பல் முளைத்தது. அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மருமகள் வேலைக்குத் திரும்பினாள். ஒரு வருடம் ஆகப்போகிறது. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. பை மட்டும் திரும்பி வரவில்லை.

அக்கா போன முதல் சில வாரம் அவர் வழக்கம்போலப் போர்வையை மாட்டிக்கொண்டு வேலை செய்தார். காஸ் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. ஒருநாள் கத்தியை முக்கி எடுத்து, எண்ணெய் சொட்டச் சொட்டக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். எதற்காக நிற்கிறோம் என்று அவருக்கே சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. வெளியிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் போர்வையைக் கழற்றி மடித்து அக்காவின் கட்டிலில் போட்டார். ஜன்னல் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். எண்ணெய்ப் புகை போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா இருந்தாள். அவளும் ஜன்னலோரம்தான் மெஷின் போட்டிருந்தாள். "என்ன கத்திக்காரரே, இன்னைக்கு அடுப்பு பத்தலையா?" என்று நூலைப் பல்லால் கடித்தபடி கேட்பாள். "பத்தணும்" என்பார் அவர். சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடுவது, தண்ணீர் வாளி இழுபடுவது. யாரும் அவருக்காகப் பேசவில்லை. ஆனாலும் பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது.

அது மழைக்காலம். பகல் முழுக்க வானம் கரியைப் பூசியதுபோல இருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்த முதல் ஐந்து கத்திகளும் நன்றாகவே வந்தன. திறந்தால் ஒன்றும் ஆகாது என்று முடிவாயிற்று. பிறகு அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. மழை விட்டது. வெயில் வந்தது. கத்திகளின் விளிம்பு பெயரத் தொடங்கியது.

எண்ணெயை மாற்றினார். வேறு இடத்திலிருந்து பட்டை வாங்கினார். அக்கா மகன் எப்போதோ வாங்கிக் கொடுத்த வெப்பமானி ஆணியில் தொங்கியது. அதன் கம்பி உலைக்குள் வெந்துபோய் நாளாயிற்று. இப்போது அது அறையில் வெயில் எவ்வளவு என்பதை மட்டும் நம்பகமாகச் சொன்னது. எல்லாவற்றையும்விட அவரைப் பயமுறுத்தியது வேறு. இரும்புக்குள் ஓடும் அந்த நிழலை அவர் பார்த்து மாதங்கள் ஆகிவிட்டன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை.

கண் டாக்டரிடம் போனார்.

"என்ன தொந்தரவு?"

"நிழல் தெரியல டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நிழல் தெரியுதுன்னுதான் எல்லாரும் வருவாங்க. தெரியலன்னு வர்ற முதல் ஆள் நீங்க."

வெளிச்சம் அடித்துப் பார்த்து, எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். எழுத்து வாசிக்கிற கண் வேறு, இரும்பு பார்க்கிற கண் வேறு என்று கத்திக்காரர் நினைத்துக்கொண்டார். முன்னது இருக்கிறது. பின்னது போய்விட்டது. அன்று இரவு போனில் அக்காவிடமும் அப்படியே சொன்னார்.

அக்கா மகன் பலமுறை கூப்பிட்டிருந்தான். "மாமா, அங்க தனியா உக்காந்து என்ன பண்றீங்க? ஒரு ரூம் சும்மாதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன், கிளம்பிடுங்க." அது ஐந்தாவது மாடி. மெழுகுவத்தி ஏற்றினாலே அலாரம் அலறும் கட்டடம். அங்கே உலை என்ற பேச்சுக்கே இடமில்லை. போனால் போனதுதான்.

கறிக்கடைக்காரர் வந்துவிட்டுப் போன அன்று அவர் மனதுக்குள் கணக்கு முடித்தார். நான்காவது கத்தியும் கெட்டால், உலையைக் கேட்பவருக்குக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறிவிடுவது. கண் போன பிறகு உலையைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை.

இரண்டு நாள் கத்தியைத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை பகலில் உலைக்குக் காஸ் குழாயை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார். போனைச் சத்தமாக வைத்து மேசையில் சாய்த்தார்.

"டேய், உனக்கு அலமாரியில மேல் தட்ட காலி பண்ணிட்டேன். கொழந்தை துணியெல்லாம் எடுத்து என் கட்டிலுக்குக் கீழ தள்ளியாச்சு."

"நான் வர்றேன்னு இன்னும் சொல்லலையே."

"சொல்ல வேணாம், வந்து சேரு. தலகாணி உயரமா வேணுமா, தட்டையா வேணுமா? உனக்குக் கழுத்து வலி வருமே."

"ஏதோ ஒன்னு."

"ஏதோ ஒன்னுன்னு கடையில கேட்டா குடுப்பானா? சரி, அங்க யாருடா தைக்கிறது?"

"எதிர்வீட்டுத் தையல்காரம்மா."

"அவ எதிர்வீட்டுல தைச்சா உன் பட்டறைக்குள்ள எப்படிக் கேக்குது?"

அவர் குழாயின் திருகை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் திறந்திருக்கா?"

"புகை போகட்டும்னு."

"இத்தனை வருஷமா போகாத புகை இப்பதான் போகணும்னு அடம்பிடிச்சுதா?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கீழே போட்டது. பிறகு வந்த அக்காவின் குரலில் கேலி இல்லை.

"எப்ப திறந்த?"

"மழை சமயத்துல."

"ஒரு நாள் டீ குடுக்க கதவ ரெண்டு விரல் திறந்தேன். ஞாபகம் இருக்கா? வீடே இடியற மாதிரி கத்துன. வெளிச்சம் பட்டா இரும்பு பொய் சொல்லும், சிவப்பைக் குறைச்சுக் காட்டும்னு சொன்ன. அப்புறம் மூணு நாள் நான் உன்னோட பேசல."

திருகைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"டேய். இருட்டு இல்லாம நீ எப்படிடா நிறம் பாக்குற?"

கத்திக்காரர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் நேராக உலையின் வாய்வரை வந்து விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மாதுளைச் சிவப்பாகத் தெரிகிற இரும்பு, இருட்டில் ஆரஞ்சைத் தாண்டிப் போயிருக்கும். பதினெட்டு வருடமாகத் தெரிந்த விஷயம். தன் வாயாலேயே சொல்லிக் கொடுத்த விஷயம். அதை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு, கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறார்.

"அக்கா..."

"போய் வேலையைப் பாரு. முடிஞ்சதும் கூப்பிடு." சற்றுத் தயங்கி, "நான் வேணா லைன்லயே இருக்கட்டுமா?" என்றார் அக்கா.

இருக்கட்டும் என்று சொல்ல வாய் வந்தது. பின்னால் குழந்தை அழத் தொடங்கியது.

"வேணாம்க்கா. நீ கொழந்தையைப் பாரு."

அக்காவின் கட்டிலிலிருந்து போர்வையை எடுத்து உதறினார். ஆணிகள் ஏழும் சட்டத்திலேயே இருந்தன. ஜன்னல் கதவை இழுத்தபோது தையல்காரம்மா தலை தூக்கினாள்.

"என்ன, மூடறீங்க?"

"கொஞ்ச நேரம் இருட்டு வேணும்."

"நல்லாத் தூங்குங்க" என்றாள் அவள். மெஷின் மறுபடி ஓடியது. போர்வை விழுந்ததும் அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல அமுங்கியது.

எண்ணெயில் விரலை விட்டுப் பார்த்தார். போதுமான வெதுவெதுப்பு. கத்தியோடு அதே பட்டையிலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டையும் கம்பியில் கட்டி உலைக்குள் வைத்தார். கத்தியை உடைத்துப் பார்க்க முடியாது, துண்டை உடைத்துப் பார்க்கலாம். உலை இரைந்தது. கதவுக்கு வெளியே முக்காலி இருந்தது. அதில் யாரும் இல்லை என்பது கதவைத் திறக்காமலே தெரிந்தது. ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். அந்தச் சத்தம் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது.

கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடித்தது. முதலில் இரும்பின் நிறமே தெரியவில்லை. பிறகு அடுப்புக் கரியின் அடியில் தெரிகிற சிவப்பு. பிறகு இரத்தச் சிவப்பு. அவசரப்படாமல் கத்தியை முன்னும் பின்னுமாக நகர்த்தினார். நுனி மெல்லியது, அதை உலைக்கு வெளியே இழுத்து இழுத்துக் காப்பாற்ற வேண்டும். சிவப்பு கூடியது. நின்றது.

நிழல் வந்தது.

கூர் விளிம்பிலிருந்து மெல்லப் புறப்பட்டு, அகலமாகி, முதுகை நோக்கி நகர்ந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கண் போகவில்லை. பிடியருகே சற்றுத் தயங்கி நின்று, அங்கேயும் கரைந்தது. காந்தத்தை நீட்டினார். ஒட்டவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. வெளியே இழுத்து, நுனி கீழாக நேரே எண்ணெய்க்குள் இறக்கினார். சுர்ரென்று சத்தமும், ஒரு கை உயரத்துக்குப் புகையும். கத்தியை மேலும் கீழுமாக மட்டும் அசைத்தார். பக்கவாட்டில் அசைந்தால் வளைந்துவிடும். உடனே துண்டையும் முக்கினார்.

பிறகு பத்து எண்ணினார். வாய்விட்டே எண்ணினார். 'டிங்' வரவில்லை. பத்துக்குப் பிறகு வரவேண்டிய வார்த்தையை அவர் சொல்லவில்லை. அது அவர் சொல்கிற வார்த்தை இல்லை.

கத்தி ஆறியதும் விளிம்பில் அரத்தை வைத்துத் தள்ளினார். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. துண்டைப் பிடிகருவியில் இறுக்கித் தட்டினார். டார்ச் அடித்து முறிந்த முகத்தைப் பார்த்தார். மின்னவில்லை. ஈரச் சாம்பல்.

இப்போது இருக்கிற நிலையில் கத்தி கடினமாக இருக்குமே தவிர, கீழே விழுந்தால் உடையும். அந்த முரட்டுத்தனத்தைத் தணிக்க, சின்ன மின் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு நிறம் பார்க்க வேண்டியதில்லை. அடுப்பின் திருகை வைத்துவிட்டு, போர்வையை ஒதுக்கி ஜன்னலைத் திறந்தார். எதிரே மெஷின் நின்றிருந்தது. தையல்காரம்மா எங்கோ எழுந்து போயிருந்தாள்.

அக்காவைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சுக்கா. நிழல் ஓடுச்சு. நல்லாவே பாத்தேன்."

"கண்ணுக்கு ஒன்னும் இல்லல்ல?"

"ஒன்னும் இல்ல."

அந்தப் பக்கம் அக்கா மூச்சு விடுவது கேட்டது. குழந்தை தூங்கிவிட்டது போல.

"அப்ப நீ வரமாட்ட."

உலையின் வாய் இன்னும் மங்கலாகச் சிவந்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரமாட்டேன்கா."

"ம்."

"நீ அந்த ஜன்னல் பேச்சை எடுக்காம இருந்திருக்கலாம். இதுவும் உடைஞ்சிருந்தா ஞாயித்துக்கிழமை அங்க வந்திருப்பேன்."

"தெரியாமயா சொன்னேன்?" என்றார் அக்கா. "கண்ணு போச்சுன்னு நினைச்சுக்கிட்டு வந்து, இந்த அஞ்சாவது மாடியில எந்தச் சுவத்தைடா பாத்துட்டு உக்காந்திருப்ப?"

போனை இருவருமே வைக்கவில்லை.

"சரி, அந்த மேல் தட்டுல மறுபடி கொழந்தை துணிய அடுக்கிடவா?"

"அடுக்கிடுக்கா."

"தலகாணி வாங்கிட்டு வந்துட்டேன். தட்டையானது."

"நீயே வச்சுக்க."

"எனக்குத் தட்டையா இருந்தா தூக்கம் வராது" என்று சொல்லி அக்கா போனை வைத்தார்.

கத்திக்காரர் ஜன்னலருகே சிறிது நேரம் நின்றார். சந்தில் ஒருவரும் இல்லை. மேசைமேல் முக்கி எடுக்கவேண்டிய கத்திகள் இன்னும் இரண்டு இருந்தன. வெயில் சாய நேரம் இருந்தது. அவர் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தி, போர்வையை எடுத்து, இடது மூலை ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார்.